கிலோமீட்டர வகுத்தா ஃப்ளைட் நேரம் வராதுங்க

அக்கா இருக்கறது சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம், அம்மா முதல் தடவையா கிளம்பறாங்க. டெய்லி காலண்டர் தாள கிழிச்சு அது பின்னாடி கணக்கு போட்டாங்க, டெல்லியிலேர்ந்து சுமார் 12,400 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900, அப்போ 14 மணி நேரத்துக்குள்ள போயிடலாம்னு. டிக்கெட்ல பாத்தா 16 மணி நேரம். "என்னடா, ஊர சுத்திக்கிட்டா போறான்?"னு ஒரே சண்டை.

உண்மையில சுத்திக்கிட்டுதான் போறான். அந்த 12,400ங்கறது பூமி உருண்டை மேல நூல் பிடிச்சு அளந்த தூரம், அந்த நூல் சைபீரியா தாண்டி ஆர்க்டிக் பக்கமா ஏறி இறங்கும், சுவத்துல மாட்டின மேப்புல ஸ்கேல் வெச்சு கோடு போட்டா இது தெரியவே தெரியாது. விமானம் அந்த நூல் மேலயே போகணும்னும் இல்ல. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன் வான்வெளிய இந்திய விமானங்களுக்கு மூடினதும், டெல்லியிலேர்ந்து மேற்கே போற நம்மூர் ஃப்ளைட்டுங்க வளைஞ்சு போக வேண்டியதாச்சு.

தூரம் கூடினா நேரமும் கூடும்னு நினைக்கறது அடுத்த தப்பு. ஏர் இந்தியா இதே ரூட்ல முன்னாடி மேற்கே அட்லாண்டிக் வழியா சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்துச்சு, 2016 அக்டோபர்ல கிழக்கே பசிபிக் வழிக்கு மாத்தினாங்க, அது சுமார் 15,300. 1,400 கிலோமீட்டர் ஜாஸ்தி, ஆனா கிட்டத்தட்ட 2 மணி நேரம் முன்னாடியே இறங்கிடுச்சு! மேல மேற்கேயிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து அடிக்குது, அது முதுகுல கை வெச்சு தள்ளினா வேகம், மூஞ்சில அடிச்சா லேட்டு. அதனால போற நேரத்த வெச்சு வர்ற நேரத்தையும் முடிவு பண்ணாதீங்க.

ரொம்ப பேர் மாட்டிக்கறது கடிகாரத்துலதான். டிக்கெட்ல போட்டிருக்கறது அந்தந்த ஊர் நேரம். டெல்லியில திங்கட்கிழமை விடியக்காலை 4 மணிக்கு ஏறி 16 மணி நேரம் பறந்தா, அங்க இறங்கறப்ப அதே திங்கட்கிழமை காலை 7.30. "மூணரை மணி நேரத்துல அமெரிக்காவா?"ன்னாங்க அம்மா. இதுவும் கோடைக்கணக்குதான், அப்ப அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெப்பாங்க, மார்ச் ரெண்டாவது ஞாயிறுலேர்ந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் நமக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம், மத்த மாசத்துல பதிமூணரை. கூட்டிட்டுப் போக வர்றவங்ககிட்ட தேதியோட சேத்து அந்த ஊர் நேரத்த சொல்லிடுங்க.

நடுராத்திரி ஃப்ளைட்னா இன்னும் உஷார். எங்க மாமாவுக்கு துபாய்ல மாறிப் போற டிக்கெட், சென்னையில 15ஆம் தேதி நடுராத்திரி 12.40க்கு, அதாவது 14ஆம் தேதி ராத்திரியே போய் நிக்கணும். அவர் 15ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு மாலையும் கழுத்துமா ஏர்போர்ட்ல போய் நின்னார். அன்னிக்கு காலையில அவர் சாவகாசமா இட்லி சாப்ட்டுட்டு முறுக்கு பாக்கெட்ட பெட்டியில திணிச்சிட்டு இருந்தப்பவே அந்த ஃப்ளைட் துபாய்ல இறங்கியாச்சு.