மேட்டுக்குக் கீழே மால் வருகிறதா? மண் வெட்டப் பெக்கோ இறங்குமுன் செய்ய வேண்டியவை

நுவரெலியா மாவட்டத்து டவுன் ஒன்றில், பழைய கடைத்தொகுதிக்கு மேலே உள்ள மேட்டில் என் வீடு. அந்தத் தொகுதியை உடைத்துவிட்டு, அடியில் வாகனத் தரிப்பிடமும் மேலே பல மாடிகளுமாக ஷொப்பிங் மால் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து அக்கம்பக்கத்து ஆட்கள் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். நான் மேசன் பாஸ். தாங்கு சுவர் கட்டுவதுதான் என் தொழில். அவர்களுக்குச் சொன்னது மற்ற ஊர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மால் வேண்டுமா வேண்டாமா என்று வாதாடியே நாட்களைக் கழித்துவிடாதீர்கள். டவுனில் கடை வந்தால் நம் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும். நெரிசல், குப்பை, தண்ணீர்ப் பங்கு எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் அவற்றைப் பிறகும் பேசித் தீர்க்கலாம். வெட்டிய மேட்டைத் திரும்ப வைக்க முடியாது. நம் வீட்டு அடிமண்ணை எவ்வளவு ஆழத்துக்கு, எந்த மாதத்தில் வெட்டப் போகிறார்கள் என்பதே முதல் கேள்வி.

அதற்குப் பதில் காகிதத்தில் இருக்கிறது. உங்கள் நகர சபையிலோ பிரதேச சபையிலோ தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் அவரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். கடிதம் இப்படி இருக்கட்டும்:

“பழைய கடைத்தொகுதிக் காணியில் உத்தேசிக்கப்பட்டுள்ள கட்டடத்துக்கான பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி, அபிவிருத்தி அனுமதிப்பத்திரம், அவற்றின் நிபந்தனைகள், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை, மண் வெட்டுக்கும் தாங்கு சுவருக்குமான வரைபடங்கள், மழைநீர் வடிகான் திட்டம் ஆகியவற்றின் பிரதிகளைத் தரவும். இவற்றில் இதுவரை வழங்கப்படாதவை எவை என்பதையும் எழுத்தில் அறியத் தரவும்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அறிக்கை இல்லை என்று எழுத்தில் வந்தால் அதுவே பெரிய ஆதாரம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் அந்த மதிப்பீட்டைப் பெற வேண்டும் என்று 2011இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது.

கடிதம் கொடுத்ததும் கையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிருக்கும் தனிப்பட்ட சுதந்திரத்துக்கும் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில் வர வேண்டும். மேடு ஏற்கெனவே அசையத் தொடங்கியிருந்தால் இதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். அது அரசியலமைப்பு தந்த உரிமை.

தோட்டத்து லயத்தில் இருப்பவர்களும், 7 பேர்ச் காணி கிடைத்தும் உறுதிப்பத்திரம் கைக்கு வராதவர்களும் “எங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறதா?” என்று தயங்குகிறார்கள். இருக்கிறது. தகவல் கேட்கப் பிரஜையாக இருந்தால் போதும். காணி யார் பெயரில் என்பது அங்கே கேள்வியே இல்லை. முறைப்பாட்டுக்கு கிராம சேவகரின் வதிவிடச் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். குறுக்குவெட்டுப் படத்தைத் தேடுங்கள். பழைய தரை மட்டம் பெரும்பாலும் விட்டுவிட்டு வரைந்த கோடாக இருக்கும். அதற்கும் அடித்தளத்துக்கும் நடுவில் இருப்பதுதான் வெட்டிப் போகும் மண். உங்கள் வீடு அந்தப் படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மேலே ஆட்கள் குடியிருப்பதைக் கணக்கில் எடுத்தீர்களா என்று எழுதிக் கேளுங்கள்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு எல்லாக் கட்டடத்துக்கும் வராது. உங்கள் இடத்துக்கு அது தேவையா என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் எழுத்தில் கேளுங்கள். வருமானால், அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாள் உண்டு.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். வீட்டை இப்போதே பதிவு செய்யுங்கள். வெடிப்பு இருக்கும் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் போட்டோ எடுங்கள். வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நாளைக்கு அது கோட்டைத் தாண்டினால் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கதவு, ஜன்னல் சிக்குகிறதா, முற்றத்துச் சீமெந்து பிளந்திருக்கிறதா என்பதையும் குறித்துவையுங்கள். படங்களை வட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள், போன் போனாலும் படம் இருக்கும். வேலை தொடங்குமுன் கட்டுபவர்களும் தங்கள் செலவில் இதே ஆய்வைச் செய்து, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும் என்று கேளுங்கள். “உங்கள் வீடு ஏற்கெனவே வெடித்திருந்தது” என்ற பேச்சுக்கு வேறு மருந்து கிடையாது.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து சபைக்கு எழுதும் கூட்டுக் கடிதத்தில் கோரிக்கை குறைவாகவும் அளந்து பார்க்கக்கூடியதாகவும் இருக்கட்டும். நான் முதலில் வைப்பது இவை. மேட்டை ஒரே நீளத்தில் வெட்டக்கூடாது. ஒரு துண்டு வெட்டி, அதற்குச் சுவர் எழும்பிய பிறகே அடுத்தது. மேலிருந்து வரும் மழைநீரை வெட்டுக்கு மேலேயே கான் வெட்டித் திருப்ப வேண்டும். மழைக்காலத்தில் மண் வெட்டக்கூடாது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை. பதுளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்கள்தான் ஆபத்து. கொஸ்லந்தை மீரியபெத்தை சரிந்தது 2014 ஒக்டோபர் 29. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்பதை இன்னொரு முறை சொல்லத் தேவையில்லை. சத்தத்துக்கு 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் எல்லை இருக்கிறது: கட்டட வேலைக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 50.

சுவர் எழும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். பின்பக்கம் உடைகல் நிரப்பி, முன்பக்கம் குழாய் விட்டிருக்க வேண்டும். மழை விட்டதும் அந்தக் குழாய்களைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் நல்லது. மேடு ஊறிக் கிடந்தும் குழாய் காய்ந்திருந்தால் பின்னால் தண்ணீர் கட்டி நிற்கிறது. கலங்கலாக வந்தால் மண் கரைந்து வெளியேறுகிறது. இரண்டில் எது நடந்தாலும் அன்றைக்கே வீடியோ எடுத்து, சபைக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

யாரும் அசையவில்லை, ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம். பொதுத் தொல்லையை நிறுத்த அவர் கட்டளையிடலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

அப்புறம், மழை நாட்களில் வாயும் அடியும் ஒரே அகலமான போத்தல் ஒன்றை வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 என்றால் பையைக் கட்டி ஆயத்தமாகுங்கள். 150 என்றால் வெளியேறுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று திடீரென நிற்பது அல்லது சேறாக வருவது, இவற்றில் ஒன்றைக் கண்டால் அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அங்கிருந்து அழைக்கலாம்.