பாதுகாப்புத் துறையும் நாடாளுமன்றமும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் வரும். அதைத் தொடர்ந்து, பெரும்பாலும் மார்ச்சில், எம்.பி.க்கள் அடங்கிய பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். அந்த இரண்டு மாதங்களும் இளம் செய்தியாளர்களின் கட்டுரைகளைத் திருத்துவதுதான் எனக்கு முக்கிய வேலை. தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே பிழைகள் அச்சு மாறாமல் திரும்ப வருகின்றன. லட்சமும் கோடியும் தடுமாறுவது, அமைச்சரின் துறையை மாற்றிப் போடுவது போன்றவற்றை ஒருமுறை சொன்னால் திருத்திக்கொள்கிறார்கள். அவற்றை இங்கே எடுக்கவில்லை. படைகளுக்கு எது முதலில் வேண்டும், எது காத்திருக்கலாம் என்று அரசு எடுக்கும் முடிவை மக்கள் பிரதிநிதிகள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பதையே வாசகருக்குத் தலைகீழாகக் காட்டும் பிழைகள் வேறு சில இருக்கின்றன.

மொத்தத் தொகையை ஆயுதச் செலவாக எழுதுவது

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். ‘ராணுவத்தை நவீனமாக்க 6.81 லட்சம் கோடி’ என்று தலைப்பு வைத்தால் அது பொய். இந்தத் தொகை மக்களவைக்கு நான்கு தனித்தனி மானியக் கோரிக்கைகளாக, அதாவது செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் கோரிக்கைகளாக வருகிறது. சம்பளம், எரிபொருள், பராமரிப்பு என்று படைகளின் அன்றாடச் செலவுக்கு மட்டும் ஏறக்குறைய 3.12 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு 1.61 லட்சம் கோடி. எல்லைச் சாலைகள், கடலோரக் காவல் படை உள்ளிட்ட சிவில் பிரிவுக்குச் சுமார் 28,700 கோடி. விமானம், கப்பல், பீரங்கி வாங்கும் மூலதனச் செலவுக்குக் கிடைத்தது 1.80 லட்சம் கோடிதான். அதிலும் பெரும்பகுதி, முந்தைய ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணைக்கே போய்விடும். புதிதாக வாங்க மிஞ்சுவது எவ்வளவு என்பதைத்தான் நிலைக்குழு ஒவ்வோர் ஆண்டும் துருவிக் கேட்கிறது.

வளர்ச்சி விகிதத்திலும் கவனம் வேண்டும். 2024-25இல் மூலதனச் செலவுக்கு முதலில் 1.72 லட்சம் கோடி ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் 1.595 லட்சம் கோடியாகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டின் 1.80 லட்சம் கோடியை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து உயர்வு 5 சதவீதத்துக்கும் குறைவு, அல்லது ஏறக்குறைய 13 சதவீதம். எதனோடு ஒப்பிட்டீர்கள் என்று எழுதாமல் சதவீதத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

சாட்சி சொன்னதைக் குழுவின் கண்டுபிடிப்பு ஆக்குவது

2018 மார்ச்சில் வந்த அறிக்கையில் இருந்த ஒரு வரி நாடெங்கும் பேசப்பட்டது: ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் நிகழ்காலத்தவை, அதிநவீனமானவை 8 சதவீதம் மட்டுமே. ‘நாடாளுமன்றக் குழு ஆய்வில் அதிர்ச்சி’ என்று எழுதினார்கள். குழு எந்தக் கிடங்கிலும் போய் எண்ணவில்லை. அப்போதைய ராணுவத் துணைத் தலைமைத் தளபதி சரத் சந்த் குழுவின் முன் சாட்சியமாகச் சொன்னது அது. அந்த ஆண்டு பட்ஜெட் தங்கள் நம்பிக்கையைத் தகர்த்துவிட்டது என்றும் அவர் சொன்னார். சீருடையில் இருக்கும் ஒருவர், தன் அரசின் ஒதுக்கீடு போதவில்லை என்று மக்கள் பிரதிநிதிகளிடம் நேருக்கு நேர் சொல்லக்கூடிய இடம் நம் அமைப்பில் வேறு எங்கே இருக்கிறது? பேசியவர் யார் என்பதை விட்டுவிட்டால் செய்தியின் உயிரே போய்விடும்.

பரிந்துரையோடு நின்றுவிடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இது.

நிலைக்குழு முறை 1993இல் வந்தது. ஒவ்வொரு குழுவிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்களுக்கு இடமில்லை. குழு செய்வது பரிந்துரை. அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் அமைச்சகம் பதில் தர வேண்டும் என்பது நடைமுறை. அந்தப் பதில்களை எடைபோட்டுக் குழு இன்னோர் அறிக்கை வெளியிடும். அதன் பெயர் நடவடிக்கை அறிக்கை. யாரும் படிக்காத, ஆனால் முதலில் படிக்க வேண்டிய ஆவணம் அதுதான்.

அதன் அத்தியாய அமைப்பு மாறுவதே இல்லை. முதலாவது, குழுவின் கருத்து. இரண்டாவது, அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள். மூன்றாவது, அரசின் பதிலைப் பார்த்துக் குழுவே மேற்கொண்டு வற்புறுத்தாமல் விட்டவை. நான்காவது, பதில் திருப்தியில்லை என்று குழு மறுத்தவை. ஐந்தாவது, அரசு இடைக்காலப் பதில் மட்டும் தந்தவை. நான் எப்போதும் நான்காவது, ஐந்தாவது அத்தியாயங்களைத்தான் முதலில் புரட்டுவேன். அரசும் நாடாளுமன்றமும் உண்மையில் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது அங்கேதான் தெரியும்.

ஓர் உதாரணம். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர், ‘ராணுவத்துக்குக் காலாவதியாகாத நிதி வருகிறது: நாடாளுமன்றக் குழு அதிரடி’ என்று எழுதிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே ஒரு நாளிதழ் அப்படியே வெளியிட்டிருந்தது. அதை நம்பி இன்னொருவர் அந்த நிதியில் என்னென்ன வாங்கலாம் என்று அரைப்பக்கக் கட்டுரையே எழுதிவிட்டார். இல்லாத பணத்துக்கு அரைப்பக்கம்.

அந்தக் கோரிக்கையின் கதை இது. பட்ஜெட் பணம் மார்ச் 31க்குள் செலவாகாவிட்டால் அரசின் பொது நிதிக்கே திரும்பிவிடும். ஒரு பீரங்கி ஒப்பந்தம் சோதனை, விலைப்பேச்சு, ஒப்புதல் என்று பல ஆண்டுகள் இழுக்கும். கையெழுத்து மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் ஒதுக்கிய பணம் போச்சு. எனவே ஆண்டு முடிந்தாலும் கரையாத தனி நிதி வேண்டும் என்று நிலைக்குழு மீண்டும் மீண்டும் கேட்டுவந்திருக்கிறது. 2004 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங் 25,000 கோடியில் அப்படியொரு நிதியை அறிவித்தார். தேர்தலில் ஆட்சி மாறியது. அறிவிப்பு அப்படியே நின்றுபோனது. பிறகு குழு கேட்கும்போதெல்லாம் சிக்கல் நிதி அமைச்சகத்தில் இருந்தது. நிதி தனியாக இருந்தாலும் அதிலிருந்து செலவு செய்ய ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டுமே, பிறகு அதனால் என்ன லாபம் என்பது அவர்களின் வாதம். 2021 பிப்ரவரியில் அவையில் வைக்கப்பட்ட அறிக்கையில் என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு, 2021-26 காலத்துக்குச் சுமார் 2.38 லட்சம் கோடியில் பாதுகாப்புக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரு நவீனமாக்கல் நிதியைப் பரிந்துரைத்தது. அரசு கொள்கையளவில் ஏற்பதாகச் சொன்னது. பணம் எங்கிருந்து வரும், எப்படி நடத்துவது என்பதைப் பிறகு ஆராய்வதாகவும் சொன்னது.

இவ்வளவு நீண்ட இழுபறியைப் ‘புதிய பரிந்துரை’ என்று எழுதுவது அரசுக்குச் செய்யும் பெரிய உபகாரம். இத்தனை முறை கேட்டும் ஏன் நடக்கவில்லை என்ற கேள்வியிலிருந்து அது தப்பித்துவிடுகிறது. கேட்டுக்கொண்டே இருந்த எம்.பி.க்களின் உழைப்பும் கணக்கில் வராமல் போகிறது. அந்த இளைஞரை உட்காரவைத்து, முந்தைய நடவடிக்கை அறிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, இதே பரிந்துரைக்கு அமைச்சகம் தந்த பதில்களைத் தேதிவாரியாக எழுதச் சொன்னேன். அந்தப் பட்டியலே செய்தியாயிற்று. எல்லா அறிக்கைகளும் மக்களவை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடாமல் விட்டதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

தணிக்கை அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழுவின் முடிவாக எழுதுவது

சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்து அறிக்கை தருவார். அது அவையில் வைக்கப்படும். பிறகு எம்.பி.க்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழு அதில் சில பத்திகளை எடுத்து விசாரிக்கலாம். இது மூன்று படி. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் 2018 டிசம்பர் 14 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சிஏஜி அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆய்வு செய்துவிட்டதாகச் சொன்னது. அப்படி ஓர் அறிக்கை தன் பார்வைக்கே வரவில்லை என்றார் குழுவின் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே. தாங்கள் தந்த குறிப்பில் பொதுவான நடைமுறையைத்தான் விளக்கியிருந்தோம் என்று சொல்லி, அந்த வரியைத் திருத்தக் கோரி அரசே மறுநாள் மனு போட்டது. சிஏஜி அறிக்கை அவைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். படிகளைக் குழப்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த ஒரு வழக்கு போதும்.

பழைய கையிருப்பை இன்றைய நிலையாக எழுதுவது

வெடிமருந்து பற்றி 2017 ஜூலையில் சிஏஜி தந்த அறிக்கையில் இருந்தது 2016 செப்டம்பர் நிலவரம். தேதியோடு எழுதுங்கள்.

கார்கில் ஆய்வுக் குழுவை நாடாளுமன்றக் குழு என்பது

இல்லை. 1999 கார்கில் போரை ஆராய கே. சுப்ரமணியம் தலைமையில் அதை அமைத்தது அரசு.

‘விவாதத்துக்குப் பின் நிறைவேறியது’

அவைக் குறிப்பைப் பார்க்காமல் இதை எழுதாதீர்கள். 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் கூச்சலுக்கிடையே விவாதமின்றி மொத்தமாக நிறைவேறின. கில்லட்டின் என்பார்கள். பாதுகாப்புத் துறையும் அதில் அடக்கம். அவையில் பேசாததை நிலைக்குழு மட்டும்தான் பேசியிருக்கும்.

படை அனுப்ப நாடாளுமன்றம் வாக்களித்ததாக நினைப்பது

அமெரிக்கச் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். இந்தியாவில் படையை அனுப்பும் முடிவு அமைச்சரவையுடையது. முன்கூட்டி அவையின் ஒப்புதல் பெற வேண்டும் என்று விதி இல்லை. இந்திய-இலங்கை ஒப்பந்தம் 1987 ஜூலை 29இல் கையெழுத்தானது; மறுநாளே அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. எந்த அவையிலும் அதற்கு முன் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 1962இல் சீனப் போர் அக்டோபர் 20இல் தொடங்கியது. வாஜ்பாய் போன்றோர் வற்புறுத்திய பிறகு கூட்டத்தொடர் முன்கூட்டியே நவம்பர் 8இல் கூடியது. 165 உறுப்பினர்கள் பேசினார்கள். அதுவும் சண்டை தொடங்கிய பிறகு நடந்த விவாதம்தான். இப்படிப்பட்ட செய்தியில் முடிவு எடுத்த தேதி, அவை பேசிய தேதி இரண்டையும் தனித்தனியே கொடுங்கள்.