குதிரைக்குத் தனி லாயமும் மேய்ச்சல் நிலமும் குத்தகைக்கு எடுக்கலாமா? முடிவெடுக்கும் முறை

பொது லாயத்தில் மாதக் கட்டணம் செலுத்திக் குதிரை வளர்ப்பவர்களுக்கு, ஒரு கட்டத்தில், தனி லாயம் ஒன்றையும் அதையொட்டிய மேய்ச்சல் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. நானும் பல நிலங்களைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகே அந்த முடிவுக்கு வந்தேன். அப்போது பின்பற்றிய வரிசையை இங்கே தருகிறேன். தீனி வைப்பது, குளம்பைச் சுத்தம் செய்வது போன்ற அன்றாட வேலைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வாடகைக்கு முன் ஆளைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலோர் வாடகைத் தொகையிலிருந்து தொடங்குகிறார்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருக்கும் நாளில் குதிரையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பொது லாயத்தில் நீங்கள் செலுத்தும் கட்டணத்தின் பெரும்பகுதி, உண்மையில், நீங்கள் இல்லாத நேரத்தில் அங்கே ஒருவர் இருப்பதற்கான விலை. குதிரையை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரையின் லத்தியும் சிறுநீரும் சேர்ந்தே நாளொன்றுக்கு 20 கிலோவைத் தாண்டும். அதை அள்ளியாக வேண்டும். போக்குவரத்து நேரத்தையும் சேர்த்து ஒரு வாரத்துக்கான மணிக்கணக்கைத் தாளில் எழுதுங்கள். பிறகு, வயிற்றுவலியின் அறிகுறியைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொண்டு கால்நடை மருத்துவரை அழைக்கக்கூடிய மாற்று ஆள் ஒருவரின் பெயரை எழுதுங்கள். அந்தப் பெயர் கிடைக்கவில்லையென்றால், மற்றப் படிகளுக்குப் போகாமல் இப்போதைக்குப் பொது லாயத்திலேயே இருப்பது நல்லது.

குதிரை கூட்டமாக வாழும் விலங்கு என்பதையும் இங்கேயே கவனியுங்கள். உங்களிடம் ஒரே ஒரு குதிரைதான் இருக்கிறது என்றால், தனி நிலம் அதற்குத் தனிமைச் சிறையாகிவிடக்கூடும். துணைக் குதிரை ஒன்றை வாங்குவதோ, இன்னொருவரோடு நிலத்தைப் பகிர்ந்துகொள்வதோ கணக்கில் சேர வேண்டும்.

படி 2: நிலத்தின் பரப்பை விட்டுவிட்டுப் புல்லைக் கணக்கிடுங்கள்

கணக்கு தவறிப்போவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குதிரை ஒரு நாளைக்குத் தன் உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு அளவுக்கு உலர்நிலைத் தீவனம் உண்ணும். 500 கிலோ குதிரைக்கு இது ஏழரை முதல் பத்துக் கிலோ. பசும்புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால், அதே ஊட்டத்தைப் பச்சையாகப் பெற வேண்டுமானால் பல மடங்கு எடையுள்ள புல் தேவைப்படும். ஈரப்பதமான, நன்கு பராமரிக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. வறண்ட நிலத்தில் இந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. அங்கே நிலம் குதிரை நடமாடுவதற்கே உதவும். வயிற்றை நிரப்புவது நீங்கள் வாங்கிப்போடும் உலர்புல்தான்.

உரிமையாளர் சொல்லும் ஏக்கரிலிருந்து கட்டடம், பாதை, அடர்ந்த மரநிழல், நீர் தேங்கும் பள்ளம் ஆகியவற்றைக் கழியுங்கள். குதிரைகள் தாம் லத்தி போட்ட இடத்தையொட்டி மேயாமல் ஒதுங்கும் இயல்புடையவை. லத்தியை வாரம் இரண்டு முறையாவது அள்ளாவிட்டால், நிலத்தின் ஒரு பகுதி உயர்ந்து வளர்ந்த, தொடப்படாத புல்லாகவும், மறுபகுதி மொட்டையாகவும் மாறிவிடும்; குடற்புழுக்களும் பெருகும். எஞ்சும் நிலத்தைக் குறைந்தது இரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றதற்கு ஓய்வு தர இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கணக்கு முழுவதையும், புல் குறைவாக வளரும் பருவத்தை மனத்தில் வைத்தே போட வேண்டும். செழிப்பான மாதத்தில் பார்க்கும் நிலம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

அடுத்து, என்ன புல் என்று கேளுங்கள். மாடுகள் கொழுத்து வளர்ந்த நிலம் குதிரைக்கும் ஏற்றது என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையல்ல. செட்டேரியா, கொழுக்கட்டைப் புல், கிக்குயூ போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் மிகுதி. மாட்டின் முன்வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. குதிரையிலோ அது புல்லிலுள்ள கால்சியத்தைப் பிணைத்து, உடலுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். மாதக்கணக்கில் அதையே மேயும் குதிரையின் எலும்புகள் வலுவிழந்து, முக எலும்பு வீங்கி, நடை நொண்டத் தொடங்கும். அத்தகைய நிலத்தை எடுப்பதானால் குதிரைமசால் என்ற தீவனப்பயிரையோ மருத்துவர் சொல்லும் கால்சியச் சேர்க்கையையோ செலவுக் கணக்கில் எழுதுங்கள். இதற்கு நேர்மாறாக, குளிர்ப்பகுதிகளின் செழித்த புல்லில் சர்க்கரை அதிகமாகி, பருத்த குதிரைகளுக்கும் மட்டக்குதிரைகளுக்கும் லேமினைட்டிஸ் என்ற கொடிய குளம்பு நோயை வருவிக்கும். அங்கே புல்லே இல்லாத ஓர் அடைப்பு கட்டாயம் தேவை.

படி 3: எல்லையைச் சுற்றி நடந்து பாருங்கள்

கனமழை பெய்த மறுநாள் போவது உத்தமம். வாயிற்பகுதி சேறாகிக் கிடந்தால், குதிரைகள் தினமும் நிற்கப்போவது அங்கேதான் என்பதை எண்ணிப் பாருங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் நச்சுச் செடிகளில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அரளி, உண்ணிச்செடி, ஆமணக்கு விதை, குளிர்ப்பகுதிகளில் யூ மரம், ராக்வொர்ட் என்ற களைச்செடி ஆகியவற்றைத் தேடுங்கள். வேலிக்கு அப்பால் பக்கத்து நிலத்தில் நிற்கும் அரளியும் உங்கள் கணக்கில் சேர்ந்ததே, ஏனெனில் காய்ந்து பறந்துவரும் இலைகளிலும் நஞ்சு குறைவதில்லை.

முள்கம்பி வேலி இருந்தால் அதை அகற்றும் செலவையும் சேர்த்தே வாடகையைப் பேசுங்கள். மிரண்டு ஓடும் குதிரையின் காலை அது எலும்புவரை கிழித்துவிடும். உள்பிரிவுகளுக்கு அகலமான வெள்ளை மின்வேலி நாடாவையே நான் விரும்புகிறேன். மெல்லிய கம்பியைக் குதிரை தூரத்திலிருந்து பார்ப்பதில்லை. வேலிக்கான மின்னழுத்தச் சோதிப்பான் ஒன்றை முதல் நாளே வாங்குங்கள். பழைய கட்டடங்களைச் சுற்றிக் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க, சக்கரம் பூட்டிய காந்தத்தைத் தரையில் இழுப்பதைவிட எளிய வழி கிடையாது.

தண்ணீர்: ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர், வெயிலில் அதற்கும் மேல். மின்சாரம் நின்றால் அது எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

படி 4: ஒப்பந்தம்

வாய்மொழி உறுதியை ஏற்காதீர்கள். குதிரைகளின் எண்ணிக்கை, வேலியைப் பழுதுபார்ப்பவர் யார், லத்திக் குவியலை எங்கே வைப்பது, நள்ளிரவில் மருத்துவரின் வண்டி உள்ளே வர உரிமை, காலி செய்ய எத்தனை மாத அவகாசம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிவிக்காமல் உரிமையாளர் களைக்கொல்லியோ உரமோ தெளிக்கக் கூடாது என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். களைக்கொல்லி பட்டு வாடிய நச்சுச்செடி கசப்புக் குறைந்து குதிரைக்குப் பிடித்துப்போகலாம். நஞ்சோ அப்படியே இருக்கும்.

படி 5: இரண்டு பட்டியல்களை ஒப்பிடுங்கள்

வாடகையோடு உலர்புல், படுக்கை வைக்கோல், வேலிப் பராமரிப்பு, எரிபொருள், மாற்று ஆளின் சம்பளம், லத்தி அகற்றும் செலவு ஆகியவற்றைச் சேர்த்து, பொது லாயக் கட்டணத்துக்கு அருகில் வையுங்கள். ஒரே குதிரை வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் பொது லாயமே மலிவு; இரண்டு மூன்று குதிரைகள் சேரும்போதுதான் தனி நிலம் பயனளிக்கத் தொடங்கும் என்பது என் கணிப்பு. செலவு சமமாக வந்தால், குதிரைகள் நாள் முழுவதும் வெளியில் திரியும் வாய்ப்புக்காகத் தனி நிலத்தையே தேர்ந்தெடுப்பேன். வேலியும் தண்ணீரும் தயாராகும்வரை பழைய இடத்தைக் காலி செய்வதாகச் சொல்லிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை

நில உரிமையாளர் தம் மாடுகளையும் அதே நிலத்தில் மேய்ப்பார் என்றால் ஏற்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மேய்ச்சலைப் பொறுத்தவரை அது நன்மையே. குதிரையின் குடற்புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் உடலில் வளர்வதில்லை. ஆகவே மாடு மேயும்போது புழுக்களின் எண்ணிக்கை குறையும். குதிரை ஒதுக்கிய புல்லையும் அது தின்றுவிடும். ஆபத்து இருப்பது தீவனத் தொட்டியில். சில மாட்டுத் தீவனங்களில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து, மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத்தைத் தாக்கி உயிரைப் பறித்துவிடும். மாட்டுத் தீவனத்தை மூட்டைகள் உட்படப் பூட்டிய அறையில் வைப்பதாகவும், மாடுகளுக்குத் தீனி வைக்கும் இடத்தைத் தனி வேலியால் பிரிப்பதாகவும் உரிமையாளர் எழுதித் தந்தால் மட்டுமே சம்மதியுங்கள்.