பாங்காக்கில் முதல் நாள்: வெயிலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

சென்னையிலிருந்து பாங்காக் போகும் விமானங்களில் பல, நள்ளிரவுக்கு மேல் கிளம்பி விடியற்காலையில் இறக்கிவிடும். கண்ணில் தூக்கம் நிற்கும், ஹோட்டல் அறையோ மதியம் இரண்டு மணிவாக்கில்தான் கிடைக்கும். சும்மா எதற்கு உட்காருவது என்று நேராக மன்னர்களின் பெரிய அரண்மனைக்கு (கிராண்ட் பேலஸ்) போய், உச்சி வெயிலில் சுருண்டு போகிறவர்கள் நிறைய. ஏப்ரலில் போனால் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து ஆளை அடிக்கும். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களும் அலட்சியமாக இருக்காதீர்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

படி 1: கிளம்பும் முன்

தாய்லாந்துக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் டிஜிட்டல் வருகை அட்டையை (TDAC) ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். 2025 மே முதல் இது கட்டாயம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இதற்குக் காசு கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் உடனே மூடுங்கள். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள்.

படி 2: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் முதல் கவுன்டரில் மொத்தப் பணத்தையும் மாற்றாதீர்கள். அடித்தளத்தில், ரயில் நிலைய வாசல் பக்கம் இருக்கும் பணம் மாற்றும் கடைகளில் பொதுவாக நல்ல விலை கிடைக்கும். அங்கேயே ரயிலும் ஏறலாம். கடைசி நிலையமான பயா தாய் வரை 45 பாட் (தாய்லாந்து நாணயம்). அங்கிருந்து மேம்பால ரயில் (BTS) பிடித்தால் நகரத்தின் முக்கியமான இடங்களுக்குப் போய்விடலாம். குழந்தைகளும் பெரிய பெட்டிகளும் இருந்தால் டாக்ஸிதான் சௌகரியம். மீட்டர் கட்டணத்தோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட் சேரும், விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் தனி.

படி 3: பகலை வெயிலுக்கு விட்டுவிடுங்கள்

பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பறையில் கொடுத்தால் வைத்துக்கொள்வார்கள். பிறகு ஏசி உள்ள இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அறை கிடைத்ததும் தூங்குங்கள். ஒரு நாள் வீணாகிறதே என்று தோன்றும். வீணில்லை, மாலையும் மறுநாளும் தெம்பாக இருப்பது இந்தத் தூக்கத்தால்தான். குழாய்த் தண்ணீர் வேண்டாம், தெருவுக்குத் தெரு செவன் இலெவன் சிறு கடை இருக்கிறது, அங்கே பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காய்கறி மட்டும் போட்ட வதக்கலிலும் மீன் சாறு விடுவார்கள். 'ஜே' (கண்டிப்பான சைவம்) என்று கேளுங்கள். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்ட சிறு கொடி தொங்கும் கடையில் மீன், முட்டை, பால் எதுவும் சேராது, பூண்டு வெங்காயம்கூட இருக்காது. சீலோம் சாலைப் பக்கம் தங்கினால், அங்கேயே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாலையில் ஒரு நடை போய்வாருங்கள்.

படி 4: நான்கு மணிக்கு மேல் ஆற்றுக்கு

மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாவோ பிரயா ஆற்றின் சாத்தோன் படகுத் துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு ஊர் மக்கள் வேலைக்குப் போய்வருவது, கட்டணம் மிகக் குறைவு. நீலக் கொடி சுற்றுலாப் பயணிகளுக்கானது, விலை கூடுதல். ஆரஞ்சிலேயே ஏறுங்கள். பின்பக்கம் நிற்கும் ஊழியர் விசிலடித்தே ஓட்டுநருக்குச் சைகை கொடுப்பார். துறையில் படகு நிற்பது கொஞ்ச நேரம்தான், அதனால் உங்கள் இடம் வருமுன் வாசலுக்கு வந்துவிடுங்கள். முகத்தில் ஆற்றுக் காற்று பட்டதும் காலையிலிருந்த களைப்பு பாதி போய்விடும். தா தியென் துறையில் இறங்கி, அந்தப் பக்கம் நின்று எதிர்க்கரையில் இருக்கும் அருண் புத்தர் கோயிலுக்கு (வாட் அருண்) பின்னால் சூரியன் இறங்குவதைப் பாருங்கள்.

படி 5: அரண்மனை மறுநாள்

காலை எட்டரைக்குத் திறக்கும், நுழைவுச் சீட்டு 500 பாட். திறக்கும்போதே போய் நில்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், மெல்லிய பருத்தியாக இருந்தால் வெயிலுக்கும் நல்லது. வழியில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று துக்துக்கை (அந்த ஊர் ஆட்டோ) காட்டினால் ஏறாதீர்கள். கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவது ரத்தினக் கல் கடையிலாக இருக்கும். நேரே வாசல் வரை நடந்து, சீட்டு தரும் இடத்திலேயே கேளுங்கள்.