தாய்ப்பால் குழந்தையின் மலம்: வயதை வைத்துப் படியுங்கள்

குழந்தை மலம் கழிக்கவில்லை என்பது 2 வார வயதில் ஒரு செய்தி, 2 மாத வயதில் வேறொரு செய்தி. முன்னதற்குப் பால் போதுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பின்னது பெரும்பாலும் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்தாக கிரைப் வாட்டரை ஊற்றுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு.

முதல் மலம் பிறந்து 24 மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். கருப்பாக, பிசின் போல ஒட்டும், வாடை இருக்காது. துடைத்தால் லேசில் போகாது என்பதால், முதல் இரண்டு நாளும் டயபர் கட்டுமுன் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் தடவிவிடுங்கள். 24 மணி நேரம் தாண்டியும் வராவிட்டால் வார்டிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடவே வயிறு உப்பி, பச்சையாக வாந்தியும் எடுத்தால் அது அவசரம்.

சீம்பால் உள்ளே போகப்போகக் கருப்பு கழிந்து, 3, 4ஆம் நாளில் பச்சை கலந்த பழுப்பாகும். 5ஆம் நாள் வாக்கில் மஞ்சளாக, தளதளவென்று, நடுவே வெள்ளை மணிகளோடு வரும். அந்த மணிகள் செரிக்காத பால் கொழுப்பு. ‘பால் திரிந்துவிட்டது’ என்று தாய்க்குப் பத்தியத்தைக் கூட்ட வேண்டியதில்லை. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்திருக்கும் குழந்தைக்கு மலம் கரும்பச்சையாக, தண்ணீராகப் போகும். சிகிச்சை முடிந்ததும் சரியாகும்.

இதிலிருந்து 6 வாரம் வரை எண்ணிக்கை முக்கியம். ஒரு நாளைக்குக் குறைந்தது 3 முறையாவது, ஒவ்வொன்றும் பத்து ரூபாய் நாணய அளவுக்காவது இருக்க வேண்டும். வெறும் கறை கணக்கில் சேராது. பால் குடிக்கும் ஒவ்வொரு முறையும் போகும் குழந்தைகள் உண்டு. 10 முறை போனாலும் அது வயிற்றுப்போக்கு ஆகாது. 5ஆம் நாளுக்குப் பிறகு சிறுநீர் 6 முறையாவது போக வேண்டும். அதற்குப் பதில் டயபரில் செங்கல் பொடி நிறத்தில் கறை படிந்தால், மலமும் குறைவாக இருந்தால், குழந்தைக்குப் பால் போதவில்லை என்று பொருள். மலச்சிக்கல் மருந்து இதற்கு உதவாது. எடை போட்டு, மார்பைப் பற்றும் விதத்தைச் சரிபார்க்க வேண்டும். பிறந்த எடையை 2 வாரத்துக்குள் எட்டிப் பிடித்திருக்க வேண்டும்.

6 வாரம் கடந்தால் கதை மாறும். தாய்ப்பாலில் கழிவு மிகக் குறைவு என்பதால் 3 நாள், 5 நாள், சில குழந்தைகள் ஒரு வாரத்துக்கு மேலும் போகாமல் இருக்கும். வயிறு மெத்தென்று இருந்து, காற்று பிரிந்து, நன்றாகக் குடித்து, சிறுநீர் போய், எடையும் ஏறினால் காத்திருங்கள். கடைசியில் வரும்போது இளக்கமாகத்தான் வரும், அதுவும் சட்டை நனையும் அளவுக்கு. முகம் சிவக்க 10, 20 நிமிடம் முக்கி அழுவதும் மலச்சிக்கல் அல்ல. வயிற்றை அழுத்தும்போதே ஆசனவாயைத் தளர்த்தக் குழந்தைக்கு இன்னும் பழகவில்லை. புழுக்கையாக, கெட்டியாக வந்தால்தான் மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அது அபூர்வம். புட்டிப்பால் சேர்த்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

இந்தக் கட்டத்தில்தான் வெற்றிலைக் காம்பு, விளக்கெண்ணெய், வசம்பு, உரைமருந்து எல்லாம் வெளியே வரும். காம்பு ஆசனவாயைக் கீறும். உரைக்கல்லில் இழைத்த மருந்தோடு கிருமியும் உள்ளே போகும். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதிலிருந்து வரும் பாட்டுலிசம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். அக்னி நட்சத்திரத்திலும் 6 மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம், பாலே பெரும்பகுதி தண்ணீர்தான்.

பச்சை நிறத்துக்கு வீட்டில் ‘மாந்தம்’ என்ற பெயர் தயாராக இருக்கும். மஞ்சள் மலமே காற்றுப் பட்டால் சற்று நேரத்தில் பச்சையாகும் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். சளி பிடித்தாலும் சில நாள் பச்சையாகப் போகலாம். நுரைத்து, பச்சையாக, வேகமாகப் பீய்ச்சினால் கடிகாரம் பார்த்து மார்பு மாற்றுகிறீர்களா என்று யோசியுங்கள். ஒரு பக்கம் குழந்தை தானே விடும் வரை குடிக்கட்டும், பிறகு அடுத்த பக்கம் கொடுங்கள். எடை ஏறும் குழந்தைக்குப் பச்சை மட்டும் ஒரு நோய் அல்ல.

உண்மையில் பார்க்க வேண்டிய நிறங்கள் மூன்று. அதில் பலர் தவறவிடுவது வெளுப்பு. மலம் சுண்ணாம்பு, களிமண், சாம்பல் நிறத்தில் வந்தால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், 14 நாளுக்குப் பிறகும் கண்ணில் மஞ்சள் இருந்தால் ‘காலை வெயிலில் காட்டு’ என்ற ஆலோசனையைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான கசாய் அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். ‘டைரக்ட் பிலிரூபின்’ என்ற, பித்த நிறமியை அளக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெளுப்பு தெரியாது. பால்கனி வெளிச்சத்தில் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள்.

சிவப்பு என்றால் அளவைப் பாருங்கள். ஒரு கோடு, அதுவும் கெட்டி மலத்தோடு வந்தால் ஆசனவாயில் வெடிப்பாக இருக்கலாம். சளியோடு ரத்த இழைகள் அடிக்கடி வந்தால், தாய் உண்ணும் பால் பொருட்களின் புரதம் ஒவ்வாமல் இருக்கலாம். பாலையும் தயிரையும் நிறுத்துவதை மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். சிவந்த ஜெல்லி போல வந்து, விட்டுவிட்டு வீறிட்டு அழுதால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம், அப்போதே கிளம்புங்கள். முதல் வாரத்துக்குப் பிறகு வரும் கருப்பு, தாயின் மார்புக் காம்பு வெடித்த ரத்தத்தை விழுங்கியதாலோ இரும்புச் சத்துச் சொட்டாலோ இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் காட்டியாக வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்பது வழக்கத்திலிருந்து திடீர் மாற்றம்: முன்னைவிட அதிகமுறை, மணிகள் இல்லாமல் தண்ணீராக, நாற்றத்தோடு. தாய்ப்பாலை நிறுத்தாமல் இன்னும் அடிக்கடி கொடுங்கள். 2 மாதத்துக்குக் கீழே என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். அதற்கு மேல் என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில், பொதுவாக 1 லிட்டரில், கலந்து ஸ்பூனால் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று அல்ல. துத்தநாக மருந்து 14 நாள், 6 மாதம் வரை 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி.; மருத்துவர் எழுதித் தருவார். கண் குழி விழுந்தால், சிறுநீர் 6 மணி நேரமாக இல்லையென்றால், குழந்தை துவண்டால், 3 மாதத்துக்குக் கீழே காய்ச்சல் என்றால் 108ஐ அழையுங்கள், அல்லது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற அவசரப் பிரிவுள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104 மருத்துவ உதவி எண் உண்டு. எடை பார்க்கப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். போகும்போது அந்த டயபரைக் கவரில் கட்டி எடுத்துப் போங்கள்.

6 மாதத்தில் கூழ் தொடங்கியதும் மலம் கெட்டிப்படும், நாறும். பீட்ரூட் சிவப்பாக வரும், கீரை பச்சையாக, வாழைப்பழம் கருப்பு நூல்களாக. அவை புழு அல்ல.