ஃபுல் த்ராட்டில்ல மட்டும் நின்னுபோற அவுட்போர்டு மோட்டார்

கனடாவுல வட ஒண்டாரியோ ஏரி ஒண்ணுக்கு நண்பர்களோட லேக் ட்ரவுட் மீன் பிடிக்கப் போனோம், பாதி ட்ரிப் படகுக்குப் பின்னாடி மாட்டியிருந்த இந்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்லயே போச்சு. ஸ்லோவா போனா பிரச்சினையே இல்ல, ஃபுல் த்ராட்டில் குடுத்தா கொஞ்ச நேரத்துல திணறி நின்னுடும், சும்மா விட்டுட்டு திரும்ப இழுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஸ்பார்க் பிளக் மாத்தியாச்சு, ஃபில்டர் பார்த்தாச்சு, டேங்க் மூடியில இருக்குற காத்து ஸ்க்ரூவும் திறந்துதான் இருந்துச்சு. ம்ஹூம். கிட்டத்துல கடையும் கிடையாது, சிக்னலும் கிடையாது.

அப்புறம் ஒருத்தன் ஓட்ட, நான் பெட்ரோல் ஹோஸ்ல இருக்குற பிரைமர் பல்பையே (கையால அமுக்கி மோட்டாருக்குப் பெட்ரோல் ஏத்துற ரப்பர் குமிழ்) பார்த்துட்டு உக்காந்தேன். மோட்டார் நிக்கப்போற நேரத்துல பல்பு சப்பையா ஒட்டிக்கிச்சு! அப்படி ஒட்டினா அடைப்பு டேங்குல இருந்து பல்பு வரைக்கும் எங்கயோதான், மோட்டார் பக்கம் நோண்டறது வேஸ்ட். டேங்குக்குள்ள இறங்குற உறிஞ்சு குழாயைக் கழட்டினா க்ளீனா இருக்கு, ஆனா டார்ச் அடிச்சா அடியில, பெட்ரோல்ல கலக்குற ஆயில் பாட்டில் வாயில இருக்குமே, அந்த மெல்லிசான சீல், அதுல ஒரு துண்டு கிடக்குது. வேகமா உறிஞ்சும்போது குழாய் வாயில போய் ஒட்டிக்கும், மோட்டார் நின்னதும் கழண்டு விழுந்துடும், அதான் உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கு. பெட்ரோலைத் துணியில வடிகட்டி திரும்ப ஊத்தினோம், அதுக்கப்புறம் நிக்கவே இல்ல.