நர்சிங் முதல் செமஸ்டர்: பிளஸ் டூ பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்

அட்மிஷன் முடிந்து யூனிஃபார்முக்கு அளவு கொடுத்த கையோடு நம் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம், சீனியர் யாரிடமாவது புத்தகப் பட்டியல் வாங்கி அத்தனையையும் ஒரே நாளில் வாங்கிவிடுவது. நானும் அதைத்தான் செய்தேன். ஒரே பாடத்துக்கு மூன்று தடித்தடிப் புத்தகங்கள், அதில் ஒன்றை நான்கு வருடத்தில் திறந்ததுகூட இல்லை, கடைசியில் பழைய புத்தகக் கடைக்காரர் கால் விலை சொன்னார். இரண்டு வாரம் பொறுங்கள். வகுப்பெடுக்கும் மேடம் எதை வைத்து நடத்துகிறார், லைப்ரரியில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கினால் போதும். இன்னொன்று, இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் வருடத் தேர்வு போய் செமஸ்டர் வந்துவிட்டது. அதற்கு முன்னால் படித்த அக்காக்கள் அன்போடு தூக்கிக் கொடுக்கும் பழைய நோட்டுகளில் பாட வரிசையே வேறு.

சரி, புத்தகத்தில் போவது பணம் மட்டும்தான். மதிப்பெண்ணைக் கொண்டுபோவது பிளஸ் டூ பழக்கம். பாடத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்து, தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் ரிவிஷன் செய்து, உயிரியலில் தொண்ணூறு வாங்கியவர்கள்தான் முதல் இன்டர்னலில், அதாவது கல்லூரியே நடத்தும் தேர்வில், அதிகம் அழுகிறார்கள். செமஸ்டர் என்பது மொத்தமே இருபது வாரம். உடலின் அமைப்பைச் சொல்லும் அனாடமியும் அது இயங்கும் விதத்தைச் சொல்லும் பிசியாலஜியும் தனித்தனி வகுப்பாக நடக்கும், ஆனால் செமஸ்டர் தேர்வில் இரண்டும் ஒரே தாள். எழுபத்தைந்து மதிப்பெண்ணில் அனாடமிக்கு 37, பிசியாலஜிக்கு 38, மீதி 25 இன்டர்னல். படம் வரைவது பிடிக்கிறது என்று அனாடமியை மட்டும் கட்டிக்கொண்டு அழுதால் தாளில் பாதி வெள்ளையாக இருக்கும். இதயத்தின் நான்கு அறைகளை வரைந்த அன்றைக்கே ரத்தம் எந்த வால்வு வழியாக எங்கே போகிறது என்பதையும் படித்துவிடுங்கள். தனித்தனியாகப் படித்தால் இரட்டை வேலை, சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றொன்றை நினைவில் நிறுத்தும். எலும்புகளைப் படத்தில் மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தடவிப் பார்த்துப் படியுங்கள். ஹாஸ்டலில் பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

சோசியாலஜியும் சைக்காலஜியும் இதேபோல ஒரே தாள்தான். ‘அது கதைப் பாடம், சொந்தமாக எழுதிக்கொள்ளலாம்’ என்று சீனியர்கள் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களில் யார் யாருக்கு அதில் அரியர் என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு விஷயம், நானும் அங்கிருந்துதான் வந்தேன். ஆங்கிலம் தெரியவில்லையே என்று முதல் மாதம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன், ஆனால் அந்த வார்த்தைகள் ஆங்கில வழி மாணவிக்கும் புதிதுதான், பாதிக்கு மேல் லத்தீனும் கிரேக்கமும். ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுப்பது, ‘டாக்கி’ என்றால் வேகம், ‘பிராடி’ என்றால் மெதுவு. இப்படி ஒரு ஐம்பது ஒட்டுகளைத் தெரிந்துகொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் தானாகப் பிரிந்து வரும். இதில் நம்மவர்கள் செய்யும் தவறு, மேடம் சொல்வதைத் தமிழ் எழுத்தில் வேகமாகக் குறித்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுவது. நோட்டில் ‘இலியம்’ என்று எழுதியிருப்பேன். அது இடுப்பெலும்பா, சிறுகுடலின் கடைசிப் பகுதியா? ஆங்கிலத்தில் எல்லுக்கு அடுத்து ஐ வந்தால் எலும்பு, ஈ வந்தால் குடல், காதுக்கு இரண்டும் ஒன்றே. ‘ஹைப்போ’வும் ‘ஹைப்பரும்’ அப்படித்தான், சத்தமான வார்டில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும், அர்த்தமோ நேர் எதிர், முதலாவது குறைவு, அடுத்தது அதிகம். தமிழில் குறியுங்கள், தவறே இல்லை, ஆனால் அன்று இரவே ஸ்பெல்லிங்கைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

நோயாளியைக் கவனிக்கும் அடிப்படை வேலைகளைச் சொல்லித்தரும் நர்சிங் ஃபவுண்டேஷன் விஷயத்தில் நடப்பதுதான் எனக்கு உண்மையிலேயே எரிச்சல். முதல் செமஸ்டர் முடிவில் அதற்குப் பல்கலைக்கழகத் தேர்வு கிடையாது, இரண்டாம் செமஸ்டரில்தான். உடனே ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு கூட்டமே கிளம்பிவிடும். ஆனால் இப்போது வாங்கும் இன்டர்னல் மதிப்பெண் அப்படியே இரண்டாம் செமஸ்டர் இன்டர்னலோடு சேர்கிறது. நேரத்தைப் பார்த்தாலும் இதுதான் பெரியது: வகுப்பு 120 மணி நேரம், லேப் 80, வார்டு 160. அனாடமிக்கு வகுப்பே 60 மணி நேரம்தான். லேபில் மேடம் டெமோ காட்டும்போது பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அதை நாமே செய்து காட்டும் ரீடெமோவுக்கு மட்டும் முன்னால் வந்தால் கை நடுங்கத்தான் செய்யும். பெட் மேக்கிங்கை ஹாஸ்டல் கட்டிலிலேயே பழகலாம். கை கழுவுவதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை கழுவிப் பாருங்கள், நாம் வழக்கமாகக் கழுவுவது வெறும் நனைப்பு என்று தெரியும்.

வார்டு என்றதும் என் கதையைச் சொல்லியாக வேண்டும். முதல் போஸ்டிங்கில் எனக்குக் கொடுத்த வேலை ஆறு நோயாளிகளுக்கு வைட்டல்ஸ் எடுப்பது. வெப்பநிலையும் நாடியும் ஒழுங்காகத்தான் எடுத்தேன். மூச்சு எண்ணிக்கை மட்டும் எல்லோருக்கும் 20. எண்ணவில்லை, முந்தைய பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ரவுண்டில் வந்த சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார், கடைசி கட்டிலில் இருந்த பாட்டியைப் பார்த்தார், ‘வாம்மா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணலாம்’ என்றார். ஒரு நிமிடத்துக்கு 32. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது. அவர் என்னைத் திட்டவில்லை, டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டுப் பாட்டியை நிமிர்த்தி உட்கார வைத்தார். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூச்சை எண்ணும்போது ‘பாட்டி, மூச்சை எண்ணப் போறேன்’ என்று சொல்லாதீர்கள், சொன்னவுடன் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்து முடித்ததும் கையை விடாமல், நாடி பார்ப்பதுபோலவே நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அதற்கு நொடிமுள் உள்ள வாட்ச் வேண்டும். போன் இருக்கிறதே என்று வராதீர்கள், பல வார்டுகளில் மாணவிகளைப் போனை எடுக்கவே விட மாட்டார்கள், விடக்கூடாதும்தான். யூனிஃபார்மில் ரீல்ஸ் எடுக்கும் ஆசையில் பின்னால் நோயாளி முகமோ கேஸ் ஷீட்டோ விழுந்தால் விளையாட்டாகப் போகாது.

தடுப்பூசியைப் பற்றிக் கல்லூரி சொல்லும் வரை காத்திருப்பது இன்னொரு தவறு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. அட்மிஷன் அன்றே ஆரம்பித்தாலும் மூன்றாவது டோஸுக்குள் முதல் செமஸ்டர் முடிந்தே போகும். முதலில் அம்மாவிடம் கேட்டுச் சின்ன வயதுத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள், அதைக் காட்டி டாக்டரிடம் பேசுங்கள். முதல் செமஸ்டரில் நாம் ஊசி போட மாட்டோம்தான், ஆனால் ட்ரேயை எடுத்து வைக்கச் சொல்வார்கள். அப்போது பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயன்றுதான் என் தோழி ஒருத்தி குத்திக்கொண்டாள், குத்தியதைவிடப் பெரிய தப்பு, பயந்து மறுநாள் வரை யாரிடமும் சொல்லாதது. குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காதீர்கள், சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு அந்த நிமிடமே சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அட்டெண்டன்ஸும் பள்ளிக்கூடக் கணக்கு இல்லை. தேர்வு எழுத 80 சதவீதம் வேண்டும், ஆனால் வார்டு மணிநேரத்தைப் பட்டம் வாங்குவதற்குள் நூற்றுக்கு நூறு முடித்தாக வேண்டும். திருவிழாவுக்கு ஊருக்குப் போன மூன்று நாளை எப்போதாவது ஒரு விடுமுறையில் தனியாக நின்று ஈடுகட்ட வேண்டியிருக்கும். அப்புறம், காலை போஸ்டிங்குக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முதல்முறை புண்ணுக்குக் கட்டு மாற்றுவதைப் பார்த்து மயங்கி விழுந்தவர்களில் பாதிப் பேர் மெஸ் இட்லி பிடிக்காமல் வந்தவர்கள்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது, என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் மதியம் பாட்டியோ தாத்தாவோ தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிப் பாருங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காமல், முழு ஒரு நிமிடம்.